பலூன் தீர்ந்துபோன மதியம்

போன செவ்வாய்க்கிழமை காலிங் பெல் கேட்டுக் கதவைத் திறந்தேன்.

வாசலில் என் மகள் நித்யா. நெற்றியில் பிளாஸ்திரி. தலைமுடியில் கண்ணாடித் தூள்.

“பயப்படாதம்மா... லேப்ல ஒரு கண்ணாடி ஃபிளாஸ்க் வெடிச்சிடுச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல.”

ஒண்ணும் ஆகலையாம்! பெற்றவளிடம் சொல்கிற பேச்சா இது?

நித்யா பொத்தேரி பக்கம் ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி பிஎச்.டி. செய்கிறாள். கார்பனையும் நைட்ரஜனையும் ஒட்டவைப்பதுதான் வேலை. நாம் விழுங்கும் மாத்திரைகள் பலவற்றில் அந்த ஒட்டு இருக்கிறதாம்.

காபி கொடுத்து உட்காரவைத்து விசாரித்தேன்.

“டயசோன்னு ஒரு பொருள்மா. அதுல ரோடியம்ங்கிற உலோகம் கொஞ்சம் போட்டா, நைட்ரஜன் வாயு கழண்டு ஓடிடும். மிச்சம் நிக்கிற கார்பனுக்குப் பேரு கார்பீன். அதுக்குத் தனியா இருக்கவே தெரியாது. பக்கத்துல அமீன்னு நைட்ரஜன் உள்ள ஒரு பொருள் இருந்தா, அதோட நைட்ரஜனைப் பிடிச்சுக்கும்.”

“நல்லதுதானே?”

“தண்ணி இருந்தா அதையும் பிடிச்சுக்கும்மா!”

நம்ம ஊர் மழைக்காலக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அதனால் ஃபிளாஸ்க்கின் ரப்பர் மூடியில் ஊசி குத்தி, அதில் ஒரு பலூன் மாட்டுவார்களாம். வெளிக்காற்று உள்ளே வராது. உள்ளே கிளம்பும் வாயுவும் பலூனுக்குள் போய்விடும். குழந்தைகள் ஊதுகிற அதே பலூன்! அவ்வளவு பெரிய லேபில் பலூனா? நான் வாயைப் பிளந்தேன்.

அன்று மதியம் பலூன் தீர்ந்துவிட்டது. வெளியே கொட்டும் மழை. ஈரம் புகுந்துவிடுமே என்று இவள் மூடியை இறுக்கி, மேலே கம்பியும் சுற்றிவிட்டாள். உள்ளே கிளம்பிய வாயு எங்கே போகும்?

“ஏண்டி, வாயு வரும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்மா. ஆனா போன வாரம் பூரா செஞ்சதெல்லாம் ஈரத்துலயே கெட்டுப்போச்சு. தண்ணி, தண்ணின்னே மனசு இருந்துச்சு...”

நல்லவேளை, அவள் வேலை செய்த, அடுப்பு மேடை மாதிரியான லேப் மேடைக்கு முன்னால் ஏற்றி இறக்கும் கண்ணாடிக் கதவு பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. கண்ணுக்கும் கவசம் போட்டிருந்தாள். இல்லாவிட்டால்...

யோசித்தால் நாமும் இப்படித்தானே? எதுவும் உள்ளே வந்துவிடக்கூடாது என்று கதவை, மனசை, பிள்ளைகளை எல்லாம் இறுக்கி மூடுகிறோம். வெளியே போக வேண்டியதற்கு வழி விட்டோமா என்று யார் பார்க்கிறோம்?

மறுநாள் சிட்லபாக்கம் வீட்டிலிருந்து கிளம்பி, தாம்பரம் மார்க்கெட் ஃபேன்ஸி ஸ்டோரில் பை நிறைய பலூன் வாங்கினேன்.

“இன்னா மேடம், இவ்ளோ பலூன்? வூட்ல பர்த்டேவா?” என்றார் கடைக்காரர்.

“ஆமாங்க, என் பொண்ணுக்கு... நேத்துதான்!”