பந்தி விசாரிக்கிறவர்

"ஏனுங்க, அந்தக் கடைசி எலைக்கு ரசம் போவுல பாருங்க!"

கை கழுவும் குழாயடியில் நின்றுகொண்டே சென்னிமலை சத்தம் போடுகிறார். ரச வாளிக்காரர் விழுந்தடித்துக்கொண்டு திரும்புகிறார். இத்தனைக்கும் இது இவர் வீட்டுக் கல்யாணமல்ல. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒருமுறை கிரைண்டர் ரிப்பேர் செய்து கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான் உறவு. பத்திரிகை வைத்தார்கள், வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் இறங்கிவிட்டார். விசாரிக்கச் சொல்லி இவரை யாரும் கேட்கவில்லை. சமையல்காரர்கள் இவர் தலையைக் கண்டாலே முணுமுணுப்பார்கள்.

கோவை கணபதியில் பஸ் போகிற ரோட்டிலேயே இவர் கடை. எந்நேரமும் கிரைண்டர் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, காதோடு சொல்ல வேண்டிய ரகசியம்கூட எதிர்ச்சாரிக்குக் கேட்கும். கல்யாணத்துக்குப் போகிற நாளில் மட்டும் நகத்து கிரீஸைச் சீயக்காய் போட்டுத் தேய்ப்பார். பந்தியில் ஆளைப் பார்க்கமாட்டார், இலையைத்தான் பார்ப்பார். பொரியல் இருந்த இடம் வழித்து வைத்தாற்போல் இருந்தால், "கூச்சப்படறாப்ல, நீங்களாப் போடுங்க" என்று பரிமாறுகிறவரைத் தள்ளிவிடுவார். போதும் போதும் என்று கையை மறிக்கிற பெரிய மனிதர்களுக்கும் ஒரு கரண்டி விழும். நானும் அந்தக் கரண்டிக்குத் தப்பியதில்லை.

அவர் கடைக்கு மேல் மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். காலையில் கண் விழித்தால் என் போனில் பத்துப் பேர் மகிழ்ச்சிக்கு வழி அனுப்பியிருப்பார்கள். சூரியனைப் பார், மூச்சை இழு, நன்றி சொல். எரிச்சலில் ஒருநாள் இறங்கிப் போய், "உங்களுக்குச் சந்தோசம்னா என்னங்க?" என்று இவரிடமே கேட்டேன்.

"பாயசத்த எலையில ஊத்துனா ஓடுமில்லீங்க? ஓடறதுக்குள்ள வழிச்சு நக்குவாங்க பாருங்க. அந்நேரத்துக்கு ஒரு மனுசனுக்கும் கவலையில்ல, வியாதியில்ல. அந்த மொகத்தப் பாத்துப்போட்டு வந்தா எனக்கு ஒரு வாரம் தாங்குமுங்க."

இப்படிப்பட்டவர்தான் சொந்தத் தங்கையைக் கோட்டைவிட்டார்.

எங்கள் பக்கத்தில் விருந்தில் உப்புக் குறைந்தால் மன்னிப்பார்கள், சோறே குறைந்தாலும் மன்னிப்பார்கள். வந்தவரை வீட்டுக்காரர் 'வாங்க' என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டால் மட்டும் தீர்ந்தது கதை. பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். மூன்று வருடத்துக்கு முன் சென்னிமலை வீடு கட்டிக் குடிபோனார். சொந்தபந்தம், ஒரம்பரை சனமெல்லாம் வந்திருந்தது. காங்கேயத்தில் கட்டிக் கொடுத்திருந்த தங்கை அன்புச்செல்வி, மகள் லோகப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். சென்னிமலை அன்று ஆடின ஆட்டம் இருக்கிறதே! விருந்துக்குப் பிடித்திருந்த மண்டபத்தில் ஒரு இலை விடாமல் நின்று விசாரித்தார். தங்கை உட்கார்ந்திருந்த இலையை மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் தாண்டிப் போனார். ஒரு தடவையல்ல, போகும்போதும் வரும்போதும். அன்புச்செல்வி எழுந்து கை கழுவினார், மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அப்புறம் போன் செய்தாலும் எடுப்பதில்லை.

"நம்ம புள்ளதானேன்னு இருந்துபோட்டேனுங்க" என்பார் சென்னிமலை, கேட்டவர்களிடமெல்லாம். கேட்க வேண்டியவரிடம் போய்ச் சொல்லத்தான் மனசு வரவில்லை. இவரும் அண்ணனல்லவா, வீம்பு இல்லாமலா இருக்கும்?

போன மாதம் லோகப்பிரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி வந்தது. முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு என்பது முறை. பக்கத்து மாவு மில்காரருக்குக்கூடப் பத்திரிகை வந்துவிட்டது, மாமனுக்கு வரவில்லை. "கெடக்குது வுடுங்க" என்றார் சென்னிமலை. ஆனால் அந்த வாரம் வந்த இரண்டு கல்யாணத்துக்கும் அவர் போகவில்லை. கடையில் கிரைண்டர் கல்லைக் கழற்றி வைத்துக்கொண்டு, மாட்டாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் கடை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே கிடையாது. எனக்குத் தாங்கவில்லை.

"தங்கச்சி ஊட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வாங்களேன்."

"கூப்புடாத ஊட்டுக்குப் போறது மரியாதையாங்க?"

"அப்ப மரியாதையக் கட்டிக்கிட்டு இங்கயே உக்காருங்க. மாமன் சீரு வேற ஆராச்சும் செய்யட்டும்."

முறைத்தார். ஏதோ திட்ட வாயெடுத்தார். பிறகு ஷட்டரை இழுத்துவிட்டு, "நீங்களும் வாங்க" என்றார்.

சிங்காநல்லூரில் பஸ் ஏறிக் காங்கேயத்தில் இறங்கினோம். அன்புச்செல்வியின் புருஷன் தேங்காய்க் கொப்பரை காயவைக்கிற களத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். வாசலில் அன்புச்செல்வி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்தார். கையிலிருந்த துண்டை உதறிக் கொடியில் போட்டு, கிளிப்பை மாட்டி, அடுத்த துணியை எடுத்தார்.

சென்னிமலை கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"அம்மணி, அன்னைக்கு ஊர்ல இருக்கறவன் எலையெல்லாம் பாத்தேன். உன்ற எலையப் பாக்கல. தப்புத்தான்."

"அதச் சொல்றதுக்கு மூணு வருசம் ஆச்சுங்களாண்ணா?"

"ஆயிப்போச்சு."

"பெசஞ்ச சோத்தோட எந்திரிச்சேன், தெரியுமா? என்ற அண்ணன் ஊடு கட்டிப்போட்டான்னு பஸ்ஸுல வந்த சனத்துக்கிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தேன். நீங்க ஆருக்கோ அப்பளம் வந்துதான்னு கேக்கறீங்க. எனக்குச் சோறு எறங்குமா?" ஈரத்துணியை வாளிக்குள்ளேயே போட்டுவிட்டு நிமிர்ந்தார். "இப்ப எதுக்கு அங்கயே நிக்கறீங்க? நான் வாங்கன்னு சொல்லோணுமாக்கும்?"

அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

சென்னிமலை கேட்டைத் திறந்தார். செருப்பைக் கழற்றினார். தங்கையைத் தாண்டி, நடையைத் தாண்டி, நேராகச் சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளே பாத்திர மூடி விழுகிற சத்தம் கேட்டது. நாங்கள் பின்னாலேயே ஓடினோம். மனிதர் தானே ஒரு தட்டை எடுத்து, தானே சோற்றைப் போட்டுக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் கரண்டி.

"கொழம்ப எங்க கண்ணு வெச்சிருக்கற?"

அன்புச்செல்வி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்து, அவர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார்.