தம்புராவின் மேல் போட்ட பழி

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம். காரைக்காலில், சைகோனில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் என் முதல் கச்சேரி. வீட்டில் மணிக்கணக்காகப் பாடுகிறவன் நான். பந்தலில் மைக்கைப் பார்த்ததும் உள்ளங்கை வேர்த்தது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுத்தான் வந்தது.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்னால் தம்புரா மீட்டிக்கொண்டிருந்த சபாபதியைத் திரும்பிப் பார்த்து மைக்கிலேயே சீறினேன்: “என்ன சபாபதி, சுருதி விலகிக் கிடக்கே, கவனிக்கக் கூடாதா?”

சுருதி துல்லியமாகத்தான் இருந்தது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். என் வயதுக்காரரான அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார்.

“மன்னிச்சுக்குங்க, என் தப்புதான்” என்று சபைக்குக் கேட்கும்படி சொன்னார். தம்புராவில் தந்தியை முறுக்கும் பிருடையைத் தளர்த்தி, நிதானமாக முறுக்கி, மறுபடி அதே இடத்துக்கே கொண்டுவந்தார். நான் மூச்சு வாங்கிக்கொள்ளத்தான் அந்த நேரம்.

“இப்ப பாடுங்க” என்றார். பாடினேன். நன்றாகவே பாடினேன்.

பந்தியில் பெண்ணின் அப்பா, “அருமையா பாடினீங்க தம்பி. அந்தத் தம்புராக்காரரை மட்டும் மாத்திடுங்க” என்றார். சபாபதி இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார்.

“சரிங்க” என்றேன். சொன்னபடியே மாற்றியும் விட்டேன்.

இன்றும் மேடையேறினால் உள்ளங்கை வேர்க்கிறது. குரல் அடைத்தால், “பயமா இருக்குங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க” என்று சபையிடமே சொல்லிவிடுகிறேன். யாரும் சிரிப்பதில்லை. அன்று இதைச் சொல்ல எழும்பாத குரல், பழி சொல்ல மட்டும் கணீரென்று வந்தது.