ஸபீனாவின் ஆடு

கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டில் கேஜன் மசாலா தடவிய கோழி பொரிந்துகொண்டிருந்தது. கேஜன் என்றால் என்னவென்று மகள் போனில் தேடி வாசித்தாள். கனடாக் கரையில் வாழ்ந்த அகேடியர் என்ற பிரெஞ்சுச் சனத்தைப் பிரிட்டிஷ்காரர் கப்பலேற்றித் துரத்தினார்களாம். லூசியானாவில் போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்தான் தேய்ந்து கேஜன் ஆனதாம்.

“அப்பா, அவையின்ர ஆடு மாடெல்லாம் என்னவாப் போச்சுது?”

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஒழுங்கையில் இருந்த முஸ்லிம்களை இயக்கக்காரர் துவக்கோடு வந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். என்னோடு விளையாடும் அடுத்த வீட்டு ஸபீனா, தன் ஆட்டுக் கயிற்றை என் கையில் தந்தாள்.

“நான் வரும் வரைக்கும் பாத்துக்கொள். முருங்கையிலை எண்டா நல்லாத் தின்னும்.”

ஓம் என்றேன். ஆடு அவர்களின் பூட்டிய படலையைப் பார்த்தே கத்திக்கொண்டிருந்தது. நான் முருங்கையிலை ஒடித்துப் போட்டேன். மூன்று கிழமை கழித்து, “இனி அவை வரமாட்டினம்” என்று சொல்லி என் ஐயா கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனார். அன்று மத்தியானம் வீடெல்லாம் கறி மணந்தது. எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்றேன்.

மகள் என் சாப்பாட்டுக் கோப்பையில் கோழித் துண்டொன்றை வைத்தாள்.

“பக்கத்து வீட்டுக்காரர் ஆடு மாட்டைப் பாத்திருப்பினம், என்னப்பா?”

“ஓம் பிள்ளை” என்றேன். “பாத்திருப்பினம்.”