ஜோடி மாறிய பூட்ஸ்

திருவனந்தபுரத்தில் ஒரு ராணுவ முகாமுக்கு பூட்ஸ் சப்ளை செய்ய எங்கள் கம்பெனி சாம்பிள் கொடுத்திருந்தது. அதைச் சோதிப்பவர் நரைத்த மீசை வைத்த ஒரு சுபேதார், பாறசாலைப் பக்கத்துத் தமிழர். அவருக்காக முதலாளி கொடுத்தனுப்பிய வெள்ளி விளக்கைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

மழையில் மைதானத்தைச் சுற்றிவிட்டு வந்தார். இடது காலில் எங்கள் பூட்ஸ், வலது காலில் போட்டிக் கம்பெனியுடையது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"ஒரு வாரமா இப்படித்தான் நடக்கேன். கால் மாத்தியும் போட்டாச்சு. ரெண்டு தடவையும் உங்க பூட்ஸுக்குள்ளதான் தண்ணி ஏறுது, கேட்டியளா?" என்றவர் பையைப் பார்த்தார். "அதுல என்ன?"

"வீட்டுக்கு வாங்கினது சார்."

"அப்ப வீட்டுக்கே கொண்டு போங்க."

ஆர்டர் போய்விட்டது. முதலாளி போனில் கத்தினார். எனக்கோ அப்பாடா என்றிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும், பனிமலை எல்லையில் காவல் நிற்கும் என் தம்பியைக் கூப்பிட்டேன்.

"பூட்ஸுக்குள்ள தண்ணி ஏறுதாடா?"

"இல்லண்ணே. ஏன் திடீர்னு கேக்குற?"

அந்த பூட்ஸையும் யாரோ ஒருவர் இப்படி ஜோடி மாற்றிப் போட்டு நடந்திருக்க வேண்டும்.