பெரியம்மா எண்ணிய எலி மூளைகள்

உலகத்தில் இதுவரை செத்த எலிகளெல்லாம் கூட்டம் போட்டு ஒருவருக்குச் சிலை வைப்பதென்று முடிவெடுத்தால், அந்தச் சிலை வாலுவின் பெரியம்மாவுக்குத்தான். சூரியன்கூட மேகம் வந்தால் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும். பெரியம்மா இருபத்தாறு வருஷமாக மைக்ராஸ்கோப்பை விட்டு ஒதுங்கியதே இல்லை.

கை நடுங்கி, நடை குறுகி, முகம் இறுகிப்போகும் நடுக்குவாதம்தான் அவருடைய ஆராய்ச்சி. மூளையின் அடியில் சின்ன இடம் ஒன்றில் செல்கள் ஒவ்வொன்றாகச் சாவதால் வருவது. வீட்டில் யாருக்கோ அது வந்து, கண்ணீரோடு சபதம் போட்டு இதில் இறங்கியிருப்பார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கேட்டால், படிப்பு முடித்த வருஷம் அந்த லேபில் மட்டும்தான் இடம் காலியாக இருந்தது என்பார். ஆனால் மாதம் ஒருமுறை நோயாளிகளைப் பார்க்கப் போவார். முன்பு பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் சட்டைப் பட்டன் போட எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்வார். போன வருஷம் இரண்டரை நிமிஷம், இப்போது நாலு. அந்த நாலு நிமிஷமும் பெரியம்மா தன் எழுதாத கையைக் கோட்டுப் பைக்குள்ளேயே அடக்கி வைத்திருப்பார். வெளியே இருந்தால் உதவப் போய்விடுமாம்.

முதல் மருந்து ஒன்பது வருஷத்தைத் தின்றது. எலிகளிடம் அமோகமாக வேலை செய்தது, மூளையில் சாகாமல் மிச்சமிருந்த செல்களை வேறொரு லேப் எண்ணிப் பார்க்கும்வரை. எந்த எலிக்கு மருந்து கொடுத்தோம் என்று தெரிந்துகொண்டே பெரியம்மா செல்களை எண்ணியிருந்தார். அரைகுறையாகத் தெரிந்த செல்லை, மருந்து எலி என்றால் கண் கணக்கில் சேர்த்தது, இல்லையென்றால் தள்ளியது. அவர் பொய் சொல்லவில்லை. ஆசைப்பட்டார், அவ்வளவுதான். அந்தத் தவறைத் தானே கட்டுரையாக எழுதி வெளியிட்டார்.

இப்போது இரண்டாவது மருந்து. ஓய்வுக்கு எட்டு மாதம்தான் பாக்கி. இதற்குப் பிறகு மூன்றாவது கிடையாது. அதனால் எலி மூளைச் சீவல் ஒட்டிய ஒவ்வொரு கண்ணாடி ஸ்லைடிலும் இருக்கும் எலியின் எண்ணை டேப்பால் மறைத்துப் புது எண் எழுதியாக வேண்டும். எது மருந்து எலி, எது வெறும் உப்புத்தண்ணீர் எலி என்ற பட்டியல் துறைத்தலைவரின் பீரோவில் பூட்டிக் கிடந்தது. டேப் ஒட்டி, ஸ்லைடு எடுத்துக் கொடுக்கும் வேலை வாலுவுக்கு. ஒவ்வொரு ஸ்லைடையும் ஒரு ஜோக்கோடுதான் நீட்டுவாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். ரப்பர் கையுறையை ஊதி ஃப்ரீசருக்குள் வைத்து டெக்னீஷியனை அலறவிட்டவள்.

ஒருநாள் ஸ்டோர் ரூமில் எலிக்கூண்டுகளின் பழைய அட்டைகள் அவள் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றிலும் எலியின் எண், கொடுத்தது மருந்தா தண்ணீரா என்ற குறிப்பு. பெரியம்மா ஜெயிப்பாரா என்று மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தாள்.

நூற்றுப் பதினெட்டாவது ஸ்லைடை அவள் நீட்டியபோது பெரியம்மா அதை வாங்கவில்லை.

"ஏன்டி, இதுக்கு ஜோக் இல்லையா?"

"வாய் வலிக்குது பெரியம்மா."

"உனக்கா?"

பெரியம்மா நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் பென்சில் புள்ளிகள். இரண்டு நாளாக வாலு பேசாமல் நீட்டிய ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு புள்ளி. புள்ளி விழுந்த இடத்திலெல்லாம் செல்கள் குறைவு. அந்த இரண்டு நாளில் மற்றதெல்லாம் அவள் கேலியும் கிண்டலுமாகக் கொடுத்தவை. அவற்றில் செல்கள் ஏராளம். புள்ளி விழுந்ததெல்லாம் தண்ணீர் எலிகள் என்று வாலுவுக்குத் தெரியும்.

"அப்போ மருந்து வேலை செய்யுதுதானே?" வாலு நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"தெரியாது. இத எண்ணினது நானா, உன் மூஞ்சியான்னே தெரியலையே."

வாலுவுக்கு எந்த ஸ்லைடிலிருந்து தெரியும் என்று நிச்சயமில்லாததால், அதுவரை எண்ணிய நூற்றுப் பதினேழு வரிகளின் மேலும் பெரியம்மா குறுக்கே கோடு போட்டார். தேதி போட்டு, ஸ்லைடு கொடுத்தவருக்கு விவரம் தெரியும், செல்லாது என்று எழுதினார். நாளையிலிருந்து டெக்னீஷியன் புதிதாக டேப் ஒட்டிக் கொடுப்பார், முதலிலிருந்து எண்ண மூன்று மாதம் ஆகும் என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாலுவுக்குச் சமாளிக்கத் தெரியும்.

அட்டையெல்லாம் அலமாரியிலிருந்து தானாகக் கீழே விழுந்தது, பொறுக்கும்போது கண்ணில் பட்டுவிட்டது என்று சத்தியம் செய்தாள்.

பெரியம்மா மேசை டிராயரைத் திறந்து, வாலு ஸ்டோர் ரூமில் ஒளித்து வைத்திருந்த அட்டைக்கட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"தானா விழுந்த அட்டை நம்பர் வாரியா அடுக்கிக்கிட்டு, தானே ரப்பர் பேண்டும் போட்டுக்கிச்சாக்கும்?"