விருந்தாளியை வழியனுப்பிய மகள்

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு மதியம், பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டாள். "டீச்சரம்மா, விருந்தாளி வந்துட்டாவ. மகளை ஆத்துக்கு அனுப்புங்க."

"எத்தனை பேரு? உலை வைக்கட்டுமா?" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் பாதித் தெரு கூடிவிட்டது.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. தாமிரபரணி கடலில் சேரும் அந்த ஊருக்கு நாங்கள் மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே வெள்ளத்தை வெள்ளம் என்று சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. பெருகி வரும் ஆறு விருந்தாளி. கடல் அவளுடைய மாமியார் வீடு. ஊருக்குள் தங்கிவிடாமல் அவளை அங்கே வழியனுப்ப வேண்டும். பழைய துறைமுகமான காயலில் அரபுக் குதிரைகள் கப்பலிலிருந்து இறங்கிய காலத்திலேயே இந்த வழக்கம் உண்டு என்பார்கள். அம்மன் கோயில் மஞ்சள், பள்ளிவாசல் தெருச் சந்தனம், மாதா கோயில் மெழுகுதிரி மூன்றும் ஒரே ஓலைப்பெட்டியில் போகும். பெட்டியை ஆற்றில் விடுவது, ஊருக்குக் கடைசியாகக் குடிவந்த வீட்டுப் பெண்பிள்ளை.

அந்த வருஷம் அது என் மகள். பதின்மூன்று வயது. நீந்தத் தெரியாது.

நாசரேத்தில் ஜெபப் புத்தகத்தோடு வளர்ந்தவள் நான். வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் மகள் பாவாடையைத் தூக்கிச் செருகிவிட்டாள். மூன்று தெருப் பெண்களும் கைகோத்துக் கரைச் சரிவில் சங்கிலியாக நின்றார்கள். அதன் நுனியில் அவள், முழங்கால் தண்ணீரில். பெட்டியை இறக்கப்போனவள் சட்டென நின்றாள்.

"காலுக்கடியில மண்ணு போகுது! வெள்ளம் கரையை அரிக்குது!"

கத்தியபடியே வழுக்கி விழுந்தாள். தலை தெரியவில்லை. பெண்கள் ஒரே இழுப்பில் அவளைக் கரையேற்றினார்கள். பெட்டியை மட்டும் அவள் விடவே இல்லை.

மணல் மூட்டையோடு ஓடிவந்த மீனவர் ஒருவர், "ஏளா, விருந்தாளியைப் பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டியே! இனி வீட்டுக்குள்ளலா வந்து உக்காருவா!" என்றார்.

"வரட்டும், எங்கம்மா உலை வைப்பாவ," என்றாள், பல் கிட்டிக்க.

மூட்டையும் பனந்தடியும் போட்டு, கரையில் தண்ணீர் அரித்த பொந்தை அடைத்தார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் கீழத்தெரு முழுக்கப் போயிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெட்டி இன்னும் அவள் கையில். அவள் மணிக்கட்டு என் பிடியில்.

"அம்மா, கை வலிக்கி. விடுங்க."

விடவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, சங்கிலியின் கடைசிப் பெண்ணிடம் என் மறுகையைக் கொடுத்தேன். இருவரும் இறங்கினோம். பெட்டியைத் தண்ணீரில் வைத்துக் கடலைக் காட்டினாள் அவள்.

"போற வழி அங்கன இருக்கு தாயி."

ஊர் முழுவதும் கேட்டது. அவள் குரலில் நடுக்கமே இல்லை.