இரண்டு பெயர், ஒரு நண்டு

ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால் ஒன்றை ஒழித்துக்கட்டுவதுதான் என் தொழில். பெயரோடு மல்லுக்கட்டிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

கடலில்லாத ஊர்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசைவீட்டின் காம்பரா அறையில் உட்கார்ந்துகொண்டு கடல் நண்டு, இறால்களின் விஞ்ஞானப் பெயர்களைக் கணினியில் சரிபார்க்கிறேன். ஒரே நண்டைக் கண்ட இரண்டு பேர் ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார்கள். முதலில் வைத்த பெயர் நிற்கும். மற்றது அதற்குள் அடங்கும். தப்பாக அடக்கிவிட்டால், உயிரோடு இருக்கும் ஒரு நண்டு பட்டியலில் இல்லாமல் போய்விடும். பக்கத்துக் காம்பரா செல்வமணி அக்காவிடம் இதையெல்லாம் விளக்கினேன். கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "நீ நண்டு தின்னுருக்கியா புள்ள?"

பெரட்டுப் பழக்கம்

எங்கள் தோட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குப் பதிந்த பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று. காலையில் ஆட்கள் கூடி நிற்கும் பெரட்டில் வேலை பிரிக்கும் மேற்பார்வையாளர் கண்டாக்கு ஐயா "மாரியாயி" என்று கூப்பிட்டால் எங்கள் லயத்துச் சுமதி வந்து நிற்பாள். இதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, இரண்டு பெயர் என்றாலே ஒரே ஆள் என்றுதான் புத்தி ஓடும். அந்த ஓட்டத்தில், ஒரே கடற்கரையில் பிடிபட்ட, ஒரே மாதிரி ஓடுள்ள இரண்டு நண்டுகளை ஒன்றாக்கிவிட்டேன்.

மறுநாள் கொழும்பிலிருந்து என் மேலதிகாரி வத்சலா மேடம் போன் எடுத்தார். அவர் சத்தம் போடவே மாட்டார். அதனால்தான் எனக்குப் பயம். சொன்னார்: "அதுல ஒண்ண சமைச்சுச் சாப்பிடலாம். மத்தது நஞ்சு. பின்னேரம் இந்த லிஸ்ட் மீனவர் சங்கங்களுக்குப் போகுது."

மழையும் சிக்னலும்

யாராவது அதை நம்பி நஞ்சு நண்டைச் சமைத்துவிட்டால்? உடனே திருத்தலாமென்றால், போனை வைத்ததுமே கொட்டிய மழையில் கரண்டும் போய்விட்டது, சிக்னலும் போய்விட்டது. மடிக்கணினியைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு தேயிலை மலை உச்சிக்கு ஏறினேன். தனியாக விடமாட்டேன் என்று அக்காவும் பின்னாலேயே வந்து, மழைக்கு இடுப்பில் கட்டியிருந்த படங்கு விரிப்பை அவிழ்த்து என் தலைக்கு மேலே பிடித்தார். அவசரத்தில் தப்புத் தப்பாகத் தட்டினேன். கடைசியில் நண்டுகள் பிரிந்தன. மேடத்திடமிருந்து "சரி" என்று வந்த பிறகும் பட்டியலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

அக்கா தேற்றுவார் என்று பார்த்தால், அவர் முகம் என்னுடையதைவிட வெளிறிக் கிடந்தது. சொன்னார்: "கிளினிக்ல என் பேருலயே இன்னொருத்தி இருக்கா போல. பேரு ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணுதான்னு நெனச்சு அவ மருந்த எனக்குக் குடுத்துட்டாங்க புள்ள. பாதிய முழுங்கிட்டேன்."

பெயர் இரண்டாக இருந்தாலும் பயம், ஒன்றாக இருந்தாலும் பயம் என்று ஆகிவிட்டதால், இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் அப்பா பெயரையும் சேர்த்துக் கேட்டுத் தொலைக்கிறேன்.